மேல் பிரிவு அணி அழைக்கிறது, மகளை மாற்றலாமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. மூன்று வருடமாக எங்கள் பகுதிக் கால்பந்து அணியில் ஆடுகிறாள். வாரம் இரண்டு நாள் பயிற்சி, ஒரு மேட்ச். அணியில் அதிக கோல் அடிப்பவள் அவள்தான். போன மாதம் லீக்கின் மேல் பிரிவில் ஆடும் ஒரு கிளப்பின் கோச், "எங்களிடம் அனுப்புங்கள். இந்த வருஷம் விட்டால் அப்புறம் இடம் இருக்காது" என்றார். அங்கே வாரம் நான்கு நாள் பயிற்சி, வெளியூர் டோர்னமென்ட்டும் உண்டு. கணவர் உடனே மாற்றிவிடலாம் என்கிறார். மகளோ ஒரு நாள் போகிறேன் என்கிறாள், மறுநாள் தோழிகளை விட்டுப் போகமாட்டேன் என்கிறாள். இரண்டு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். போவதென்று முடிவானால் இப்போதைய கோச்சிடம் எப்படிச் சொல்வது?

– ஒரு வாசகி

பதில்: "அப்புறம் இடம் இருக்காது" என்ற பேச்சை முதலில் ஒதுக்கி வையுங்கள். நல்ல அணிகளில் ஒவ்வொரு சீசனும் பிள்ளைகள் விலகுவார்கள், புதிதாகச் சேர்வார்கள். இங்கிலாந்து அணிக்காக மிக அதிக கோல் அடித்தவர் ஹாரி கேன். அவரைச் சிறுவயதில் ஒரே ஒரு சீசன் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டது ஆர்சனல் என்ற லண்டன் கிளப். 11 வயதுக் கணிப்பு அவ்வளவுதான். பெண் பிள்ளைகள் சட்டென்று உயரும் பருவம் பெரும்பாலும் 11, 12 வயதில் வருகிறது. முன்னால் வளர்ந்தவள் இன்று வேகமாகத் தெரிவாள், மற்றவர்கள் வளர்ந்ததும் அந்த வித்தியாசம் கரைந்துவிடும்.

ஆகவே அடுத்த மேட்ச்சுக்கு ஒரு தாளும் பேனாவும் எடுத்துப் போங்கள். கோலை எண்ண வேண்டாம். பந்து அவளிடம் எத்தனை முறை வந்தது, வலுவில்லாத காலை எத்தனை முறை பயன்படுத்தினாள், எதிராளி ஒட்டி நின்றபோது பந்தை இழக்காமல் எத்தனை முறை வெளியே வந்தாள், இந்த மூன்றையும் குறியுங்கள். கோல்கள் பெரும்பாலும் யாரோ நீளமாக அடித்த பந்தை ஓடிப் பிடித்துப் போட்டவையா? வலுவில்லாத காலுக்கு நேரே அநேகமாகப் பூஜ்யமா? அப்படியானால் இப்போதைய அணி அவளுக்கு மிக எளிதாகிவிட்டது. ஓட்டத்தாலேயே ஜெயித்துப் பழகியவள் தலைதூக்கிப் பார்க்கவும், இரண்டே தொடுதலில் பாஸ் போடவும் கற்பதில்லை, அதற்கு அவசியமே வருவதில்லை. அணி மாற்றுவதற்கு உருப்படியான காரணம் இதுதான். மேல் பிரிவு என்ற பெயரோ, அலமாரியில் நிற்கும் கோப்பைகளோ காரணமே அல்ல.

மாறாக, இப்போதும் நெருக்கடியில் திணறுகிறாள், வாராவாரம் கொஞ்சம் முன்னேறுகிறாள் என்றால் இன்னொரு சீசன் இருக்கட்டும். கோச்சிடம் சொல்லி அவளை நடுக்களத்திலோ டிஃபென்ஸிலோ ஆடவிடச் சொல்லுங்கள். ஒரு வயது மூத்தவர்களோடு வாரம் ஒரு பயிற்சி சேர்த்துக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். அதோடு வீட்டுச் சுவரில் தினமும் 15 நிமிடம், வலுவில்லாத காலால் மட்டும் பாஸ்.

புதிய கிளப்பின் மேட்ச்சைவிடப் பயிற்சியை இரண்டு முறையாவது முழுதாகப் பாருங்கள். ஒரு கோல் கம்பத்தின் முன்னால் 14 பேர் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு ஷாட் அடித்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போகிறார்களா? 90 நிமிடப் பயிற்சியில் பிள்ளை பந்தைத் தொடுவது சில நிமிடங்கள்தான், மீதி நேரமெல்லாம் நிற்பது. மூன்றுக்கு மூன்று, நான்குக்கு நான்கு என்று சின்ன ஆட்டங்கள் நிறைய நடந்தால் அது நல்ல அடையாளம். அடுத்து, ஒரு பிள்ளை பந்தைப் பறிகொடுத்ததும் அதன் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். பந்தைப் பார்த்துத் துரத்தினால் நல்லது. கோச்சின் முகத்தைப் பார்த்தால் அங்கே பயம் இருக்கிறது. "பாஸ் பண்ணு, திரும்பு, அடி" என்று ஓயாமல் கத்தும் கோச்சிடமும் எச்சரிக்கை வேண்டும், அந்தப் பிள்ளைகள் தாமாக முடிவெடுக்கப் பழக மாட்டார்கள்.

ஆடும் நேரத்தைக் கணக்குப் போட்டே பாருங்கள். இந்த வயதில் பல லீக்குகளில் பக்கத்துக்கு 9 பேர், 30 நிமிடம் வீதம் இரண்டு பாதி. கீப்பரை விட்டால் 8 இடம், மொத்தம் 480 நிமிடம். அணியில் கீப்பர் போக 11 பேர் என்றால் தலைக்குச் சுமார் 44 நிமிடம் கிடைக்கும். 17 பேர் என்றால் 28 நிமிடம்தான், அதுவும் சரிசமமாகப் பங்கிட்டால். ஜெயிப்பதிலேயே குறியாக இருக்கும் அணியில் யாரும் சமமாகப் பங்கிடுவதில்லை. புதிதாக வந்தவளுக்கு 10 நிமிடம் கிடைப்பதும் நடக்கும். "எல்லோருக்கும் வாய்ப்புத் தருவீர்களா?" என்று கேட்டால் எந்தக் கோச்சும் ஆமாம் என்றுதான் சொல்வார். அதற்குப் பதிலாக, "கடைசி மூன்று மேட்ச்சில் மிகக் குறைவாக ஆடிய பிள்ளை எத்தனை நிமிடம் ஆடியது?" என்று கேளுங்கள். போன சீசனில் எத்தனை பேர் விலகினார்கள், ஏன் என்றும் கேளுங்கள். மழுப்பினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். பாதி மேட்ச்சுக்குக் குறைவாக ஆடும் நிலை என்றால் 11 வயதில் அந்த மாற்றம் வேண்டாம் என்பதே என் கருத்து. தோற்கும் அணியில் முழு நேரம் ஆடுபவள் அதைவிட அதிகம் கற்பாள்.

உடம்புக்கும் ஒரு அளவு உண்டு. ஒரு வாரத்தில் பயிற்சி, மேட்ச், பள்ளி விளையாட்டு எல்லாம் சேர்ந்து வயதின் எண்ணிக்கையைத் தாண்டும் மணிநேரம் ஆகக்கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் வரம்பு. நான்கு பயிற்சி ஆறு மணி நேரம், மேட்ச் இரண்டு, பள்ளியில் இரண்டு என்றால் பத்து ஆகிவிட்டது. டோர்னமென்ட் வாரத்தில் வரம்பு உடையும், அந்த வாரம் ஒரு பயிற்சியை விடச் சம்மதிப்பார்களா என்று முன்பே கேளுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு, வருடத்தில் மொத்தம் இரண்டு மூன்று மாதம் கால்பந்துக்கு விடுப்பு, இவை கட்டாயம். இரண்டு நாள் பயிற்சியிலிருந்து நான்குக்கு ஒரே தாவலாகப் போனால் முதலில் குதிகால் வலிக்கும், அல்லது முழங்காலுக்குக் கீழே எலும்பு முனையில் வலி வரும். அந்த இடங்களில் வளரும் குருத்தெலும்பை இறுக்கமான தசைநார் இழுப்பதால் வருவது அது. நொண்டியபடி ஆட விடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். ஐந்தாறு வாரத்தில் படிப்படியாகக் கூட்டினால் பெரும்பாலும் தவிர்க்கலாம். தூக்கத்தையும் பாருங்கள்: இந்த வயதுக்கு ஒன்பது மணி நேரமாவது வேண்டும். பயிற்சி முடிந்து வீடு வந்து, சாப்பிட்டுக் குளித்துப் படுக்கப் பத்தரை, எழுவது ஆறு என்றால் வாரத்தில் நான்கு இரவு கெட்டுவிடும்.

மகள் மாற்றி மாற்றிப் பேசுவதில் தப்பில்லை. இரண்டுமே அவளுக்கு உண்மை. "போறியா, மாட்டியா?" என்று தினமும் கேட்டால் அப்பாவுக்குப் பிடித்த பதிலையோ உங்களுக்குப் பிடித்த பதிலையோதான் தருவாள். புதிய கிளப்பில் இரண்டு மூன்று பயிற்சிக்கு விருந்தாளியாக வரலாமா என்று கேட்டு அனுப்புங்கள். இப்போதைய கோச்சுக்கு இது தெரிந்தே நடக்கட்டும், லீக் விதி இடம் கொடுக்கிறதா என்றும் பாருங்கள். திரும்பி வரும் வழியில் எதுவும் கேட்காதீர்கள். மறுநாள் அவளாக என்ன பேசுகிறாள் என்று பாருங்கள், ஆட்டத்தைப் பற்றியா, யார் திட்டினார் என்பதைப் பற்றியா என்று. கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: அவள் வேண்டாம் என்றால் அதை அவரும் ஏற்க வேண்டும். ஏற்க மாட்டார் என்றால் அவளிடம் கேட்பதே வீண்.

போனால் முதல் இரண்டு மாதம் ஆட்டம் மோசமானது போலத் தெரியும். இங்கே கோல் ராணி, அங்கே பத்தோடு பதினொன்று. அதற்காகக் கோச்சுக்குப் போன் போடாதீர்கள். ஒரு சீசன் முடிப்பது என்று மூவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பயிற்சிக்குக் கிளம்பும் நேரமெல்லாம் வயிற்று வலி, தூக்கமில்லை, கோச் அவமானப்படுத்துகிறார் என்று வந்தால் சீசன் முடியக் காத்திருக்க வேண்டாம்.

பணம் கட்டும் முன் மாதக் கட்டணத்தோடு யூனிஃபார்ம், டோர்னமென்ட், பயணம், தங்கும் செலவு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வருடக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள். பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதும் அதில் இருக்கட்டும். பல லீக்குகளில் ஒரு பிள்ளை ஒரே அணியில்தான் பதிவாக முடியும், சீசன் நடுவில் மாற பழைய கிளப்பின் ஒப்புதலும் வேண்டியிருக்கும். ஆகவே சீசன் முடிவில் மாற்றுவதே நல்லது. இரண்டு வாரம் போதாது என்றால் புதிய கோச்சிடம் அவகாசம் கேளுங்கள். அதற்கே முகம் சுளிப்பவர் பெஞ்ச்சில் உட்காரும் பிள்ளையிடம் எப்படி நடப்பார் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இப்போதைய கோச்சிடம் வாட்ஸாப்பில் சொல்லாதீர்கள். மகளையும் அழைத்துக்கொண்டு, பயிற்சி முடிந்த பிறகு, மற்றவர்கள் வழியாக அவருக்குச் செய்தி போகும் முன் நேரில் போய்ச் சொல்லுங்கள். காரணத்தை இரண்டு வாக்கியத்தில் சொன்னால் போதும், அணியைக் குறை சொல்ல வேண்டாம். மீதமுள்ள மேட்ச்சுகளை ஆடி முடித்துத்தான் போவாள் என்பதையும் சொல்லுங்கள். கிளப் ஜெர்சி திருப்பித் தர வேண்டியதென்றால் கடைசி மேட்ச் முடிந்ததும் துவைத்துக் கொடுத்துவிடுங்கள்.