பதர் நீக்கும் வேலைக்கு ஒரு படிப்பு

மன்னார்குடியிலிருந்து எழுதியிருக்கும் ஐயா அவர்களுக்கு வணக்கம். மகள் உயிரித் தொழில்நுட்பம் படித்து, மரபணு சிகிச்சைக்கான வைரஸைச் சுத்திகரிக்கும் வேலைக்குப் போக விரும்புகிறார். அப்படியொரு வேலை உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு.

பழுதான மரபணுவுக்கு மாற்றாக நல்ல மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்க, நோய் உண்டாக்காத வைரஸ் கூடு வாகனமாகிறது. பெரிதும் பயன்படும் ஏஏவி எனும் சிறு வைரஸின் விட்டம் ஏறத்தாழ 25 நானோமீட்டர். வளர்ப்புக் கலனிலிருந்து எடுக்கும்போது செல்களின் புரதமும் டி.என்.ஏ.வும் அதனுடன் கலந்திருக்கும். வைரஸை மட்டும் பற்றிக்கொள்ளும் நுண்மணிகள் நிரம்பிய குரோமட்டோகிராபி குழாயில் அந்தக் கலவையைச் செலுத்தினால் மற்றவை வழிந்துவிடும். பின்னர் அமிலக் கரைசலால் வைரஸைக் கழற்றி, தாமதிக்காமல் அமிலத்தைச் சமன்செய்ய வேண்டும்.

கடினமான கட்டம் அதற்குப் பின்புதான் வருகிறது. கிடைத்த கூடுகளில் பல, மரபணு இல்லாத வெற்றுக் கூடுகளாக இருக்கும். நம் களத்தில் தூற்றினால் பதர் காற்றோடு போய்விடும். இங்கே நெல்லும் பதரும் ஒரே பருமன். உள்ளே டி.என்.ஏ. இருப்பதால் நிறைந்த கூட்டுக்கு எதிர்மின் தன்மை சற்றே கூடுதல் என்பதைப் பயன்படுத்தி, வேறொரு குழாயில் உப்பின் அளவை மெல்ல உயர்த்தி, வெற்றுக் கூடுகளை முதலிலும் நிறைந்தவற்றைப் பின்னரும் வெளியேற்றுகிறார்கள். பொறுமையும் கைப்பழக்கமும் உள்ளவருக்கே இது வசப்படும்.

மரபணு சிகிச்சையை மட்டுமே நம்பினால் இந்தியாவில் இடங்கள் குறைவு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், இரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோயாளிகளுக்கு இச்சிகிச்சை அளித்திருக்கிறார்கள். வைரஸ் கொண்டு செல்களை மாற்றும் நெக்ஸ்கார்19 புற்றுநோய்ச் சிகிச்சை 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. ஆனால் இன்சுலினுக்கும் ஆன்டிபாடி மருந்துக்கும் பல தடுப்பூசிகளுக்கும் இதே குழாய் வேலை வேண்டும் என்பதால், ஹைதராபாத்திலும் பெங்களூருவிலும் இத்திறனுக்கு இடமுண்டு. நான் துணிந்து பரிந்துரைப்பதும் அதனால்தான்.

பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் போதாது என்பது என் கருத்து. தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் பி.டெக். படிக்கலாம், கட்டணம் சுமையானால் அருகிலுள்ள கல்லூரியில் இளநிலை முடித்து, உயிரித் தொழில்நுட்ப முதுநிலைப் படிப்புக்கான ஜிஏடி-பி நுழைவுத் தேர்வெழுதி உதவித்தொகையுடன் எம்.எஸ்சி.க்குப் போகலாம். கவர்ச்சியான பெயருள்ள பாடப்பிரிவுக்காக நிலத்தை அடகு வைக்க வேண்டாம். சேர்க்கைக்கு முன் மகளுடன் ஆய்வகத்தை நேரில் பாருங்கள். ஆக்டா போன்ற சுத்திகரிப்புக் கருவி இருக்கிறதா, அதை மாணவர்கள் தாங்களே இயக்குகிறார்களா, அல்லது ஆசிரியர் இயக்க அவர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்களா என்று மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் கேட்டறிந்து எனக்கு எழுதுங்கள்.