வாசகர் கேள்வி பதில்: “இரகசியம்” என்று எழுதிய கடிதம் துரையின் மேசைக்கு வந்தது

கேள்வி: ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் 14 வருடங்களாக எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். எங்கள் தோட்டத்தில் 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். ஒவ்வொரு நிறுவையிலும் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று 2 கிலோ கழிக்கிறார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கழிக்கப்பட்ட அந்தக் கொழுந்து, தொழிற்சாலைப் புத்தகத்தில் வெளியார் ஒருவரிடம் வாங்கியதாக ஏறுவதைக் கண்டேன். மண்சரிவினால் பாதை மூடிக்கிடந்த மூன்று நாட்களிலும் அவருடைய லொறி வந்ததாக எழுதப்பட்டிருந்தது. இதை விளக்கி, உறையின் மேல் “இரகசியம்” என்று குறித்து, கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் என் கடிதம் தோட்ட முகாமையாளரான துரையின் மேசையில் கிடந்தது. ஓரத்தில் “அவதானிப்புக்காக” என்று எழுதியிருந்தார்கள். மறுவாரம் இடமாற்றம் வந்தது. அதன் பின் இரண்டு பதிவேடுகள் காணாமற்போனதாக எனக்குக் குற்றப்பத்திரம் தந்தார்கள். குவாட்டர்ஸை 14 நாட்களில் ஒப்படைக்க வேண்டுமாம். “நீங்களாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் பிரச்சினை இல்லை” என்கிறார்கள். மகள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். துரையிடம் இதுவரை எவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் செய்தது பிழையா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பொகவந்தலாவைப் பகுதி

பதில்: பிழையில்லை. ஆனால் அதைப் பற்றிப் பேசுவதற்கு முன், இன்றே கவனிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: எவர் வற்புறுத்தினாலும் பதவி விலகல் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள். உங்களைப் பணிநீக்கம் செய்தால் அதற்கான காரணத்தை நிர்வாகம்தான் நிரூபிக்க வேண்டும். நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், பலவந்தத்தினால் எழுதினேன் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் ஏறிவிடும். “பிரச்சினை இல்லாமல் போங்கள்” என்று கனிவாகச் சொல்லப்படும் ஆலோசனையின் உள்ளே இருப்பது இந்தக் கணக்குத்தான்.

இடமாற்றத்தை மறுத்து வீட்டிலும் இருந்துவிடாதீர்கள். சில நாட்களில் “பதவியைக் கைவிட்டவர்” என்று கடிதம் வரும். இந்த இடமாற்றம் என் முறைப்பாட்டுக்குப் பழிவாங்கலாகச் செய்யப்பட்டது என்று நான் கருதுகிறேன், என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொண்டே கடமையைப் பொறுப்பேற்கிறேன் என்று எழுத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள். குற்றப்பத்திரத்துக்குக் கொடுக்கப்பட்ட தவணைக்குள் பதில் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் வீட்டில் வைக்காமல் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். அலுவலகப் புத்தகங்கள் எதையும் வெளியே கொண்டுவர வேண்டாம். பதிவேடு தொலைந்ததாக உங்கள்மீது பழி சுமத்தியிருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. திகதி, லொறி இலக்கம், புத்தகத்தின் பக்க எண் ஆகியவற்றை உங்கள் கையால் எழுதி வையுங்கள். பாதை மூடிக்கிடந்த அந்த மூன்று நாட்களும் உங்கள் சாட்சியங்களிலேயே பலமானவை. மண்சரிவு நடந்ததை எந்தத் துரையாலும் மறைக்க முடியாது.

பணிநீக்கம் செய்தே விட்டால், 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி தொழில் நியாய சபைக்கு மனுச் செய்ய உங்களுக்கு ஆறு மாதங்கள் உண்டு. அந்த நாளைத் தவறவிடாதீர்கள். உங்கள் நியமன ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், நியாயமும் ஒப்புரவுமான கட்டளையை ஆக்கும் அதிகாரம் அந்தச் சபைக்கு இருக்கிறது. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் ஒன்று ஒழுக்காற்றுக் காரணத்துக்காக ஒருவரை நீக்கினால், அந்தக் காரணத்தை இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. உங்கள் சேவையாளர் சங்கத்தின் பிரதிநிதியிடம் இன்றே பேசுங்கள். உள்ளக விசாரணைக்குத் தனியாகப் போகாதீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு நாளில் இரண்டு நிறுவை என்றால் கழிவு 4 கிலோ. 21 கிலோ எடுத்த பெண்ணின் பெயருக்கு நேரே 17 நிற்கும். அவளுக்கு அன்று அரைப் பேர். நாள் முழுவதும் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று எடுத்த கொழுந்தில் அவளுடைய அரை நாள் போய்விடுகிறது. கிலோவுக்குக் கிலோ தொழிற்சாலைக்கு வந்து சேரும் அந்தக் கொழுந்துக்கு வேறொருவர் காசு வாங்குகிறார். நான் சிறுவனாக இருந்தபோது, மடுவத்தில் தராசின் முள் எப்போதும் கணக்கப்பிள்ளையின் பக்கமே திரும்பியிருக்கும். கூடையை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்த என் தாயாரை “என்ன பார்க்கிறாய், போ” என்று விரட்டியது இன்றும் காதில் இருக்கிறது. அந்த முள்ளைத் தாயார்மார் பக்கம் திருப்பிக் காட்டியதற்காகத்தான் நீங்கள் தண்டிக்கப்படுகிறீர்கள்.

உங்கள் கதையில் என்னை மிகவும் வருத்தியது, கடிதம் திரும்பி வந்த விதம். இப்படிப்பட்ட பழிவாங்கல்களில் பெரும்பாலானவை முறைப்பாடு செய்தவரின் பெயர் கைமாறும் இடத்தில்தான் தொடங்குகின்றன. இந்தியாவில் நெடுஞ்சாலைத் திட்டத்தில் பொறியியலாளராக இருந்த சத்யேந்திர துபே, அங்கு நடந்த ஊழலை விளக்கிப் பிரதமர் அலுவலகத்துக்கு 2002இல் எழுதினார். தன் பெயரை இரகசியமாக வைக்கும்படியும் கேட்டிருந்தார். அந்தக் கடிதம் பெயரோடு சேர்ந்து அலுவலகம் அலுவலகமாகப் பயணம் செய்தது. 2003 நவம்பர் 27ஆம் திகதி கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கோப்பை அடுத்த மேசைக்குத் தள்ளியவர்கள் வழமையான அலுவலக வேலையைச் செய்ததாகவே நினைத்திருப்பார்கள். உங்கள் கடிதத்தின் ஓரத்தில் “அவதானிப்புக்காக” என்று எழுதியவரும் அப்படித்தான். யாரைப் பற்றி முறைப்பாடோ அவரிடமே அதை அனுப்பிக் கருத்துக் கேட்பதை நிர்வாக நடைமுறை என்று ஏற்றுக்கொள்ள என்னால் முடியாது.

இந்த இடத்தில் ஒரு விடயத்தைத் தோட்டத்து மக்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். தொழில் பரிசோதனை பற்றிய சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 81ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1956இல் ஏற்றுக்கொண்டது. முறைப்பாடு எங்கிருந்து வந்தது என்பதைப் பரிசோதகர் முற்றிலும் இரகசியமாக வைக்க வேண்டும், முறைப்பாட்டின் பேரில்தான் வந்தேன் என்பதைக்கூட முதலாளியிடம் சொல்லக் கூடாது என்று அது கூறுகிறது. ஆகவே நிறுவைக் கழிவையும் அரைப் பேரையும் பற்றித் தொழில் திணைக்களத்துக்கு எழுதும்போது, இந்தச் சமவாயத்தின்படி என் பெயர் காக்கப்பட வேண்டும் என்று முதல் வரியிலேயே கேளுங்கள். பொய்க் கணக்கு எழுதியது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் பொலிஸார் விசாரிக்க வேண்டிய குற்றம். வெளியாரின் பெயரில் கொழுந்து ஏற்றுவதற்குக் கைமாறு கொடுக்கப்பட்டிருந்தால், அது 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்துக்குள் வரும். தனியார் துறையில் நடக்கும் இலஞ்சத்தையும் குற்றமாக்கி, தகவல் தருபவருக்குப் பாதுகாப்பையும் சொல்லும் சட்டம் அது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

கேள்வி: ஹட்டனில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் வேலை செய்கிறேன். மாத இலக்கை நிறைவேற்றுவதற்காக, பழைய வாடிக்கையாளர்களான தோட்டத்துப் பெண்களின் அடையாள அட்டைப் பிரதிகளை வைத்து அவர்களுக்குத் தெரியாமலே புதிய கடன்கள் எழுதுகிறார்கள். தலைமை அலுவலகம் ஒரு முறைப்பாட்டு இலக்கம் தந்திருக்கிறது. அதற்குப் பேசலாமா, அல்லது மொட்டைக் கடிதம் போடலாமா?
— ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: சகோதரி, உங்கள் கிளையில் நடப்பது உலகத்தின் மிகப் பெரிய வங்கிகளில் ஒன்றில் நடந்ததுதான். அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கியில், விற்பனை இலக்குக்காக வாடிக்கையாளர் அறியாமல் இலட்சக்கணக்கான கணக்குகள் திறக்கப்பட்டன. 2016இல் வங்கிக்கு 185 மில்லியன் டொலர் அபராதம் விதிக்கப்பட்டபோது, அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் 5,300 ஊழியர்கள் நீக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கீழ்நிலையில் இருந்தவர்கள். வங்கியே கொடுத்திருந்த முறைப்பாட்டு இலக்கத்துக்கு அழைத்ததனால் வேலை இழந்தோம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். மோசடியை அறிவித்து 2010இல் வேலை இழந்த ஒரு முகாமையாளருக்கு, மீண்டும் வேலையும் 5.4 மில்லியன் டொலரும் கொடுக்கும்படி அந்நாட்டு அதிகாரிகள் உத்தரவிட்டது 2017இல். இடையில் ஓடிய ஏழு வருடங்களை அந்தக் குடும்பம் எப்படிக் கடந்திருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நிறுவனத்துக்குள் இருக்கும் முறைப்பாட்டு இலக்கத்தை நம்புவதற்கு முன், மறுமுனையில் இருப்பவர் யாருக்குப் பதில் சொல்பவர் என்று விசாரியுங்கள். உங்கள் வலய முகாமையாளருக்குப் பதில் சொல்பவராக இருந்தால் பேச வேண்டாம். மொட்டைக் கடிதமும் நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பாதுகாப்பானதன்று. பிரித்தானியாவின் பார்க்லேஸ் வங்கிக்கு 2016இல் அப்படி ஒரு கடிதம் வந்தபோது, அதை எழுதியவரைக் கண்டுபிடிக்கும்படி வங்கியின் பாதுகாப்புப் பிரிவையே ஏவினார் தலைமை நிறைவேற்று அதிகாரி ஜெஸ் ஸ்டேலி. உங்கள் கிளையில் இருப்பவர்கள் ஏழெட்டுப் பேர் என்றால், எந்தச் சொல்லை யார் எழுதுவார் என்பது முகாமையாளருக்குத் தெரியும்.

உங்கள் பெயரே தேவைப்படாத ஒரு வழி இருக்கிறது. எந்தப் பெண்ணின் பெயரில் கடன் எழுதப்பட்டிருக்கிறதோ, அவரே தன் கடன் கணக்கின் கூற்றைத் தரும்படி கிளையிடம் எழுத்தில் கேட்கட்டும். அது வாடிக்கையாளரின் உரிமை. தான் வாங்காத கடன் அதில் தெரிந்தால், மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புத் திணைக்களத்துக்கு, 1935 என்ற இலக்கத்தில், அவரே முறையிடலாம். உங்களுக்கு முன்னால் ஒரு கடன் படிவத்தை நீட்டிக் கையொப்பம் இடச் சொன்னால் இடாதீர்கள். நாளை விசாரணை வரும்போது முதலில் தேடப்படுவது அந்தக் கையொப்பத்துக்கு உரியவரைத்தான்.

கேள்வி: எத்தனை மோசடி வெளிவந்தாலும் மேலே இருப்பவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?
— ஓய்வுபெற்ற டீமேக்கர் (தேயிலைத் தொழிற்சாலைப் பொறுப்பாளர்), பண்டாரவளை

பதில்: மேலே சொன்ன இரண்டு வங்கிகளிலும் என்ன ஆனது என்று பாருங்கள். ஸ்டேலிக்கு 2018இல் 642,430 பவுண் அபராதம் விதித்தார்கள், அவருடைய மேலதிகக் கொடுப்பனவிலும் வெட்டினார்கள். ஆனால் கடிதம் எழுதியவரை வேட்டையாடிய அதே நாற்காலியில் அவர் 2021 வரை இருந்தார். வெல்ஸ் பார்கோவின் தலைவர் ஜோன் ஸ்டம்ப், 2020இல் 17.5 மில்லியன் டொலர் செலுத்தியதோடு, வங்கித் தொழிலில் இனி ஈடுபடக் கூடாது என்ற தடையையும் ஏற்றார். கிளை வங்கிப் பிரிவின் பொறுப்பாளருக்கு 2023இல் மூன்று வருட நன்னடத்தைத் தண்டனை கிடைத்தது. சிறைக்கு அந்த உயர் அதிகாரிகளில் எவரும் போகவில்லை. இவ்வளவாவது நடந்ததே அபூர்வம் என்பதுதான் வேதனை.

நம் மலைநாட்டில் இந்தப் பொறுப்பின்மைக்கு ஒரு தனி அமைப்பே இருக்கிறது. 1972இலும் 1975இலும் அரசு எடுத்துக்கொண்ட தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் கம்பனிகளின் கைக்குப் போனது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, கையொப்பம் துரையுடையது. தோட்டத்தில் கேட்டால் கொழும்பு உத்தரவு என்பார்கள், கொழும்பில் கேட்டால் அது தோட்ட நிர்வாகத்தின் விடயம் என்பார்கள். தொழில் நியாய சபை நட்டஈடு கொடுக்கச் சொன்னாலும் அந்தக் காசு கம்பனியின் கணக்கிலிருந்துதான் போகிறது. பழிவாங்கலுக்குக் கையொப்பமிட்டவரின் சட்டைப்பையிலிருந்து ஒரு சதமும் போவதில்லை. மேல்முறையீட்டிலேயே வருடங்கள் ஓடும். அதற்குள் அவர் பெரிய தோட்டமொன்றுக்கு மாறியிருப்பார்.

இது நேற்றுத் தொடங்கியதும் அல்ல. 1936இல் மடுல்கெலைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குத் துரைத்தனம் பழக வந்த மார்க் அந்தோனி பிரேஸ்கேடில் என்ற வெள்ளை இளைஞர், தொழிலாளர் பக்கம் நின்றதனால் வேலை இழந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில், மடுல்கெலைத் தோட்டங்களில் நடப்பதை ஆயிரக்கணக்கான தொழிலாளர் முன் அவர் பேசினார். அந்த மாதமே, 48 மணித்தியாலத்தில் நாட்டை விட்டுப் போகும்படி தேசாதிபதி கட்டளை பிறப்பித்தார். உயர்நீதிமன்றம் அந்தக் கட்டளை செல்லாது என்று தீர்த்தது. அவர் சொன்ன தோட்டங்களின் நிலை அந்தத் தீர்ப்பினால் மாறவில்லை.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. தொழிற்சங்கங்கள் அடுத்த முறை கம்பனிகளோடு கூட்டு ஒப்பந்தம் பேசும்போது சம்பளத்தோடு சேர்த்து மூன்று விடயங்களை மேசையில் வைக்கட்டும். முறைப்பாடு செய்தவரை, அந்த விசாரணை முடியும் வரை இடமாற்றவோ குவாட்டர்ஸிலிருந்து வெளியேற்றவோ கூடாது. முறைப்பாடு எவரைப் பற்றியதோ அவருடைய கைக்கு அது போகக் கூடாது. அப்படி அவரிடம் அதை அனுப்பிவைத்த அதிகாரி ஒழுக்காற்று விசாரணைக்கு முகம் கொடுக்க வேண்டும். பழிவாங்கல் என்று தீர்ப்பானால், நட்டஈட்டில் ஒரு பங்கு, கட்டளையில் கையொப்பமிட்ட அதிகாரியின் சம்பளத்திலிருந்து அறவிடப்பட வேண்டும். டீமேக்கர் ஐயா, தொழிற்சாலைப் புத்தகங்கள் எப்படி எழுதப்படுகின்றன என்பதை உங்களைப் போல் அறிந்தவர்கள் குறைவு. பொகவந்தலாவை வாசகரின் உள்ளக விசாரணைக்கு அந்த அறிவு தேவைப்படும். அவர் சம்மதித்தால், உங்கள் இருவரையும் இந்தப் பத்திரிகை அலுவலகத்தின் மூலம் தொடர்புபடுத்தி வைக்கிறேன்.