வாடகை வீட்டில் ஸ்மார்ட் கருவிகள்: எதைக் கழற்றிச் செல்லலாம், எதற்கு அனுமதி வேண்டும்?

கேள்வி: சென்னை மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாதம் 24,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறேன். முன்பணம் 1,20,000 ரூபாய். பகலில் 72 வயதான என் தாயார் மட்டுமே வீட்டில் இருப்பதால், ஸ்மார்ட் பல்புகள், ஸ்மார்ட் பிளக்குகள், ஹாலில் ஒரு கேமரா, வாசல் சுவரில் ஒட்டுநாடாவால் ஒட்டிய வீடியோ அழைப்பு மணி, மூன்று ஸ்விட்ச் போர்டுகளுக்குள் ரிலே (கைப்பேசியிலிருந்து விளக்கையும் விசிறியையும் இயக்க உதவும் சிறு மின்கருவி), முன்கதவில் விரல்ரேகைப் பூட்டு ஆகியவற்றைப் பொருத்தினேன். பூட்டுக்காகக் கதவில் பழைய பூட்டின் துளையைத் தச்சர் சற்று அகலப்படுத்தினார். பழைய பூட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் ‘உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான அனுமதியின்றி வீட்டில் எவ்வித மாற்றமும் செய்யக்கூடாது’ என்று உள்ளது. சென்ற வாரம் வந்து பார்த்த உரிமையாளர், ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்றும், சுவரிலும் கதவிலும் பொருத்தியவை இனி வீட்டுக்கே சொந்தம் என்றும், சேதத்துக்காக முன்பணத்தில் 40,000 ரூபாய் பிடிப்பேன் என்றும் சொல்கிறார். எதிர்வீட்டாரோ, அழைப்பு மணியின் கேமரா தங்கள் வாசலைப் பார்க்கிறது என்கிறார்கள். சட்டப்படி என் நிலை என்ன?

பதில்: உங்கள் உரிமையாளர் சொன்ன மூன்றில் முதலிரண்டும் சட்டத்தில் நிற்காது. மூன்றாவதில் ஒரு சிறு பகுதி நிற்கும். ஆனால் எதிர்வீட்டார் சொல்வதை, உரிமையாளர் சொல்வதைவிடக் கூடுதல் கவனத்தோடு நீங்கள் கேட்கவேண்டும் என்பது என் கருத்து.

ஒரு கருவி கைப்பேசியோடு பேசுகிறதா இல்லையா என்பதைப் பற்றி வாடகைச் சட்டத்துக்கு அக்கறை இல்லை. அது கட்டடத்தோடு எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது, எதற்காக இணைக்கப்பட்டிருக்கிறது, எடுத்த பிறகு வீடு பழைய நிலையில் இருக்குமா என்பவையே கேள்விகள். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, மாறான ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ இல்லாத நிலையில், வாடகைதாரர் தாம் பொருத்தியவற்றை எடுத்துச் செல்லலாம் என்று எச் உட்பிரிவில் சொல்கிறது. வீட்டைத் தாம் பெற்ற நிலையிலேயே விட்டுச் செல்லவேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. நம் ஊரில் வாடகைக்கு வருபவர் தம் மின்விசிறியையும் இன்வெர்ட்டரையும் குடிநீர் சுத்திகரிப்புக் கருவியையும் மாட்டிக்கொள்வதும், போகும்போது கழற்றிக்கொண்டு போவதும் எந்த உரிமையாளரும் கேள்வி கேட்காத வழக்கம். மின்விசிறி கொக்கியில் தொங்குவதால் வீட்டுக்குச் சொந்தமாகிவிடாது என்றால், ஒட்டுநாடாவில் நிற்கும் அழைப்பு மணியும் ஆகாது. எனவே, பொருத்தியவை எல்லாம் வீட்டுக்கே சொந்தம் என்ற வாதத்தை நீங்கள் தயங்காமல் மறுக்கலாம்.

அந்த எச் உட்பிரிவில் பலர் கவனிக்காத ஒரு சொற்றொடர் இருக்கிறது. வீடு வாடகைதாரரின் அனுபவத்தில் இருக்கும்வரைதான் எடுத்துச் செல்லும் உரிமை. அதன் பிறகு இல்லை. வாடகைக் காலம் முடிந்த பிறகும்கூட, வீடு உங்கள் வசம் இருந்தால் கழற்றிக்கொள்ளலாம். சாவியைக் கொடுத்துவிட்டு, ‘அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன்’ என்று சொல்லிப் போனவர்கள், பிறகு உரிமையாளரின் தயவை நம்பவேண்டியதாகிறது. இத்தகைய வழக்குகளில் பொருளின் விலையைவிட வழக்குச் செலவு அதிகமாகிவிடும்.

அடுத்து, ‘எவ்வித மாற்றமும்’ என்ற வாசகம். 108ஆம் பிரிவு ஒப்பந்தத்துக்கு வழிவிடுவதால், இந்த வாசகத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் ஒப்பந்தச் சொற்களுக்கு இயல்பான பொருளே கொள்ளப்படும். இருந்த பல்பை எடுத்துவிட்டு வேறு பல்பைப் போடுவதும், சாக்கெட்டில் ஒரு பிளக்கைச் செருகுவதும் வீட்டில் செய்த மாற்றம் ஆகா. மேசைமேல் வைத்த கேமராவும் அவ்வாறே. இவற்றைப் பற்றி நீங்கள் கவலைப்படவேண்டியதில்லை. வெந்நீர்க் கருவியை மட்டும் 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் இணைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். 2,000 வாட் கருவி ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும்; அது 10 ஆம்பியர் வரம்புக்கு மிக அருகில். அதற்குரியது 16 ஆம்பியர் பிளக். தீ விபத்து நேர்ந்தால் அந்தப் பிளக்கைச் செருகியவர் யார் என்ற கேள்விதான் முதலில் எழும்.

ரிலேக்களின் நிலை அவ்வளவு எளிதன்று. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள, சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் குறித்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம், பராமரிப்பை இருவருக்கும் பிரித்துக் கொடுக்கிறது. ஸ்விட்ச், சாக்கெட் பழுதுகளும் கதவுப் பூட்டுகளை மாற்றுவதும் வாடகைதாரர் பங்கில் வருகின்றன. உள்புற, வெளிப்புற மின்கம்பி அமைப்பு உரிமையாளர் பங்கில் வருகிறது. ஸ்விட்சுக்குப் பின்னால், ஏற்கெனவே உள்ள கம்பிகளிலேயே ரிலே இணைக்கப்பட்டிருந்தால், அதை ஸ்விட்ச் வேலை என்று வாதிட இடமுண்டு. ஆனால் நம் வீடுகள் பலவற்றில் ஸ்விட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் கம்பி (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) வந்திருக்காது. பெரும்பாலான ரிலேக்கள் நியூட்ரல் இல்லாமல் இயங்கா. அப்படியானால் உங்கள் எலக்ட்ரீஷியன் எங்கிருந்தோ ஒரு நியூட்ரலை இழுத்திருக்கிறார். வேறொரு சர்க்யூட்டிலிருந்து இழுத்திருந்தால், மின்கசிவின்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். சட்டத்தின் பார்வையிலும் அது ஸ்விட்ச் வேலையைத் தாண்டிவிட்டது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, மின் அமைப்பின் திறனையோ தன்மையையோ மாற்றாத விளக்கு, விசிறி, ஸ்விட்ச் மாற்றங்களைத் தவிர, ஏனைய வேலைகளை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் வழியாகவே செய்யவேண்டும். ஆகவே அந்த எலக்ட்ரீஷியனை அழைத்து, புதிதாகக் கம்பி இழுக்கப்பட்டதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இழுக்கப்பட்டிருந்தால், உரிமம் பெற்றவரைக் கொண்டு அதை அகற்றி, ரசீது வாங்கி வையுங்கள்.

பூட்டில்தான் உரிமையாளருக்கு ஓரளவு நியாயம் இருக்கிறது. பூட்டை மாற்றும் பொறுப்பு வாடகைதாரருடையது என்பதற்காக, கதவை வெட்டும் உரிமையும் சேர்ந்து வந்துவிடாது. பழைய பூட்டின் துளையிலேயே பொருந்தும் பூட்டையோ, உட்புறம் பூட்டைத் திருகும் கைப்பிடியின் மேல் மாட்டும் கருவியையோ வாங்கியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. அகலப்படுத்திய துளையைக் கழற்றிக்கொண்டு போகமுடியாது அல்லவா? அதே 108ஆம் பிரிவின் எம் உட்பிரிவு, இயல்பான தேய்மானம் நீங்கலாக, பெற்ற நிலையிலேயே வீட்டை வைத்திருக்கவேண்டும் என்கிறது. தச்சர் அகலப்படுத்திய துளை தேய்மானத்தில் சேராது. ஆனால் அதற்கான ஈடு, கதவைச் சீர்செய்து பழைய பூட்டை மீண்டும் பொருத்த ஆகும் செலவுதான். 40,000 ரூபாய் அன்று. ஒப்பந்தத்திலேயே ஒரு தொகை எழுதப்பட்டிருந்தால்கூட, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒன்றும் இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை. இரண்டு தச்சர்களிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி அனுப்புங்கள். பேச்சு அந்த எண்ணிலிருந்து தொடங்கட்டும். புதிய பூட்டையே கதவோடு விட்டுச் செல்கிறேன் என்றும் நீங்கள் கேட்டுப் பார்க்கலாம். பல உரிமையாளர்கள் இதற்கு உடனே இசைந்துவிடுவார்கள். இசைந்தால், எந்தப் பிடித்தமும் இல்லை என்பதையும் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள்.

பூட்டைப் பற்றி நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். மின்கலம் தீர்ந்தாலும் உள்ளிருந்து கையால் திறக்கமுடியுமா, அதைத் தாயார் தனியே செய்யமுடியுமா என்று ஒருமுறை அவரைக் கொண்டே சோதித்துப் பாருங்கள். உரிமையாளர் நிரந்தரக் கடவுச்சொல் கேட்டால் கொடுக்கவேண்டும் என்பதில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பார்வையிடவோ பழுது பார்க்கவோ அவர் வருவதற்கு 24 மணி நேரம் முன்பே எழுத்தில் அறிவிப்புத் தரவேண்டும். அறிவித்து வரும்போது, அன்றைக்கு மட்டும் செல்லுபடியாகும் எண்ணைக் கொடுங்கள். பழைய சாவிக்கும் இதே விதிதான் என்பதைப் பல உரிமையாளர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இனி, ஒரு மாதத்தில் காலி செய்யச் சொன்னது. அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு எண்ணிச் சொல்லும் காரணங்களுள் ஒன்றை வாடகை நீதிமன்றத்தில் மெய்ப்பித்தால் மட்டுமே, உங்கள் விருப்பத்துக்கு மாறாக வீட்டை மீட்கமுடியும். சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் தவறான பயன்பாடு அக்காரணங்களுள் ஒன்று. ஆனால் அறிவிப்புக் கொடுத்த பின்னும் அது தொடர்ந்திருக்கவேண்டும். எழுத்தில் எந்த அறிவிப்பும் வந்ததாக நீங்கள் சொல்லவில்லை. வந்தால், பதில் எழுதாமல் விட்டுவிடாதீர்கள். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி உங்களை வெளியேற்ற முயல்வதும் 20ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டது. இவை ஒருபுறமிருக்க, உங்கள் ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள். முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்கு எழுதிக் கையெழுத்திட்டால் போதும் என்ற பழைய எண்ணம் இன்னும் போகவில்லை. இச்சட்டத்தின் கீழ் கால அளவைப் பொருட்படுத்தாமல் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், பதிவும் செய்யப்படவேண்டும். பதிவு இல்லையென்றால், புதுப்பிக்கும்போதாவது செய்துகொள்ளுங்கள். நீங்கள் கொடுத்திருப்பது ஐந்து மாத முன்பணம். மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று சட்டம் சொல்வதால், இதையும் அப்போதே பேசலாம்.

எதிர்வீட்டாரிடம் வருகிறேன். ஒட்டுநாடாவால் ஒட்டியது என்பதால் அழைப்பு மணி உங்கள் உரிமையாளரைப் பொறுத்தவரை பெரிய பொருள் அன்று. ஆனால் அது நிற்கும் நடைபாதை உங்களுடையதும் அன்று, உங்கள் உரிமையாளருக்கு மட்டும் உரியதும் அன்று; அது எல்லா வீட்டு உரிமையாளர்களுக்கும் பொதுவான பகுதி. அங்கே ஒன்றைப் பொருத்த உங்கள் உரிமையாளரே அனுமதி தந்தாலும், குடியிருப்போர் சங்கத்தின் இசைவும் தேவைப்படும். கேமராவின் பார்வை வேறு சிக்கல். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. 2025ஆம் ஆண்டு, ஒரே வீட்டில் வசிக்கும் மற்றொருவரின் ஒப்புதல் இல்லாமல் அவர் வசிக்கும் பகுதியில் பொருத்திய கேமராக்களை இயக்கக்கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. அதில் தலையிட உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. உங்கள் வழக்கு அதிலிருந்து வேறுபட்டது என்பது உண்மைதான். இருந்தாலும், ஒரு வீட்டில் யார் எப்போது வருகிறார், யார் எப்போது போகிறார் என்பதை நாள் முழுதும் பதிவு செய்யும் கருவியை, வெறும் அழைப்பு மணி என்று சொல்லி நீதிபதியை நம்பவைப்பது கடினம். தனிப்பட்ட வீட்டுப் பயன்பாட்டுக்காக ஒருவர் கையாளும் தரவுகளுக்கு, 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்ற விலக்கைச் சிலர் காட்டுவார்கள். அந்த ஒரு சட்டத்திலிருந்து கிடைக்கும் விலக்கு, எதிர்வீட்டாரின் அந்தரங்க உரிமையைப் பறித்துவிடாது.

ஆதலால் கேமராவின் கோணத்தைத் திருப்புங்கள், அல்லது செயலியில் எதிர்வாசல் பகுதியை மறைத்துவிடுங்கள். ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள், மணி அழுத்தப்படும்போது மட்டும் பதிவாகும்படி அமையுங்கள். பிறகு எதிர்வீட்டாரை அழைத்து, கைப்பேசித் திரையில் தெரிவதை நேரில் காட்டுங்கள். என் அனுபவத்தில் இவ்வகைப் புகார்களில் பெரும்பாலானவை அந்தத் திரையைப் பார்த்ததும் அடங்கிவிடுகின்றன. ஹால் கேமராவைப் பற்றித் தாயாரிடமும், வீட்டு வேலைக்கு வரும் பெண்மணியிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். உடை மாற்றும் இடமோ குளியலறை வாசலோ அதன் பார்வையில் படவே கூடாது. அதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலும் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவிலும் சிறைத்தண்டனை உண்டு.

உரிமையாளரோடு வாட்ஸ்அப்பில் வாதாடாமல், பதிவு வசதியும் ஒப்படைத்ததற்கான சான்றும் கொண்ட விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒரு கடிதம் அனுப்புங்கள். அதில் ஏறத்தாழ இப்படி எழுதலாம்: ‘கீழ்க்கண்ட கருவிகள் எனக்குச் சொந்தமானவை. இவை கழற்றக்கூடியவை. வீட்டை ஒப்படைப்பதற்கு முன் இவற்றை என் செலவில் அகற்றி, பழைய பூட்டையும் ஸ்விட்சுகளையும் மீண்டும் பொருத்தி, கதவைச் சீர்செய்து தருவேன். இவற்றைத் தொடர்ந்து பயன்படுத்த எழுத்தில் தங்கள் இசைவைக் கோருகிறேன்.’ கருவிகளின் பட்டியலையும் இப்போதைய படங்களையும் இணையுங்கள். குடிவந்தபோது எடுத்த படங்கள் இருந்தால் அவற்றின் மூலக்கோப்பை அழிக்காதீர்கள். மின்னணுச் சான்றாக முன்வைக்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழும் வேண்டும். படம் எடுத்த கைப்பேசி உங்களிடமே இருந்தால் அது எளிது.

வீட்டை விடும் நாள் வரும்போது, கருவிகளை முந்தின நாளே கழற்றிவிடுங்கள். பூட்டை விட்டுச் செல்வதாக முடிவானால், உங்கள் வீட்டாரின் விரல்ரேகைகளை அழித்து, கணக்கிலிருந்து அதை நீக்கி, தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிய பிறகே ஒப்படையுங்கள். உரிமையாளரோடு அறை அறையாகச் சுற்றி வந்து, குறைகள் எவை, எவை இல்லை என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அன்றிலிருந்து ஒரு மாதத்துக்குள், உரிய கழிவு போக, முன்பணத்தை அவர் திருப்பித் தரவேண்டும். தராவிட்டால் அந்தத் தாளோடும் தச்சரின் ரசீதோடும் வாடகை நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம்.