பிரிக்காத பழைய தாளை நம்பி வாங்கலாமா?

கேள்வி: எச்ஓ அளவு (நிஜத்தில் 87ல் ஒரு பங்கு) ரயில் மாடல்கள் செய்கிறேன். சரக்குப் பெட்டிகளில் எழுத்து ஒட்ட, இணையத்தில் ஒருவரிடம் ஆறு டிரை டிரான்ஸ்ஃபர் தாள்களை (மேலே தேய்த்தால் எழுத்து பெட்டியில் இறங்கும் தாள்) 48 வெள்ளிக்கு வாங்கினேன். ‘பழைய சரக்கு, உறை பிரிக்கவில்லை’ என்று போட்டிருந்தார். தேய்த்தால் பாதி எழுத்து பெட்டியில், பாதி தாளிலேயே நிற்கிறது. சில எழுத்துகள் விரிசல் விட்டு உதிர்கின்றன. என் கை சரியில்லையா, தாள் கெட்டதா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
— ஈசூன் வாசகர்

பதில்: விரிசல் விடுகிறது என்றால் பெரும்பாலும் தாள்தான். எழுத்தின் அடியில் இருக்கும் பசை மெழுகு போன்றது. வருடங்கள் போகப் போக அது காய்ந்துவிடும். உறை பிரிக்காததால் பசைக்கு வயதாகாமல் இருக்காது. நம் சிங்கப்பூர் வெயிலில் அலமாரிக்குள் பத்துப் பதினைந்து வருடம் கிடந்த தாள் என்றால் கேட்கவே வேண்டாம். ஸ்டாம்பு சேகரிப்பவருக்குத்தான் பிரிக்காத உறை மதிப்பு, உங்களுக்கு இல்லை.

ஆனாலும் தாளைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு சோதனை. தேவையில்லாத ஓர் எழுத்தை வெட்டி, பெட்டிக்கு அடித்த அதே பெயின்ட் பூசிய பிளாஸ்டிக் துண்டில் வைத்து, அசையாமல் மாஸ்கிங் டேப்பால் பிடித்துக்கொள்ளுங்கள். உருண்டை முனையுள்ள கருவியால் மெதுவாகத் தேயுங்கள். பிரிந்ததும் எழுத்தின் நிறம் தாளுக்கு அடியில் சற்று மாறித் தெரியும். ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். இன்னும் தாளில் ஒட்டியிருந்தால் அப்படியே இறக்கி மறுபடி தேயுங்கள். அதற்கும் வராவிட்டால் மேசை விளக்கின் கீழ் தாளை லேசாகச் சூடுகாட்டி முயலலாம், பசை கொஞ்சம் இளகும். அப்போதும் உடைந்தால், சரி, அது போய்விட்டது.

பணம் திரும்பக் கிடைப்பது கடினம். பழுதான பொருள்களுக்காக 2012ல் வந்த ‘லெமன் சட்டம்’ வியாபாரிகளிடம் வாங்கியதற்குத்தான். வீட்டில் கிடந்ததை விற்கும் தனி ஆளுக்குப் பொருந்தாது. அவர் ‘பழைய சரக்கு’ என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார், பொய் சொல்லவில்லை. கடையில் வாங்கியிருந்தால் கதை வேறு: ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். கடை மறுத்தால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். இப்போதைக்கு, ஒரு தாளில் சோதித்ததைப் படம் எடுத்து அனுப்பி, பாதி விலையாவது தருவாரா என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து புதிய தாள் வரவழைத்தால் தபால் கூலியோடு ஜிஎஸ்டி என்ற பொருள், சேவை வரியையும் கணக்கில் வையுங்கள். இப்போது 9 விழுக்காடு. 400 வெள்ளிக்குள் வாங்கினால் வரி இல்லை என்ற காலம் 2022 முடிவோடு போயிற்று. இங்கு ஜிஎஸ்டிக்குப் பதிந்த வெளிநாட்டு விற்பனையாளர், பணம் கட்டும்போதே அதைச் சேர்த்துவிடுவார்.

கேள்வி: இவ்வளவு தொல்லை ஏன், தண்ணீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் போதாதா?
— அங் மோ கியோ வாசகர்

பதில்: போதும், பல பெட்டிகளுக்கு அதுவே சுலபம். ஆனால் டெக்காலைச் சுற்றி மெல்லிய படலம் இருக்கும். அதை மறைக்க முதலில் பளபளப்பான பூச்சு அடிக்க வேண்டும். டிரை டிரான்ஸ்ஃபரில் எழுத்து மட்டுமே இறங்கும், மங்கலான பெயின்ட் மீதே நன்றாகப் பிடிக்கும். நிஜப் பெட்டியில் 4 அங்குலம் இருக்கும் எடை விவர எழுத்து, 1:87 அளவில் 1.2 மில்லிமீட்டர்கூட வராது. அந்த அளவில் படலத்தின் ஓரம் எழுத்தைவிடத் துருத்திக்கொண்டு தெரியும். ரிவெட் (துருத்திய ஆணித் தலை) நிறைந்த பக்கம் என்றால் மட்டும் நான் கட்சி மாறுவேன்: எழுத்தை வெறும் டெக்கால் தாளில் தேய்த்து இறக்கி, டெக்காலாகவே ஒட்டிவிடுவேன்.

எதை ஒட்டினாலும் கடைசியில் மங்கல் வார்னிஷை மெல்லிசாகப் பல முறை அடியுங்கள். மழை பெய்து ஓய்ந்த மாலையில் மட்டும் ஸ்பிரே டப்பாவைத் தொடாதீர்கள். ஈரக் காற்றில் வார்னிஷ் வெள்ளை பூத்துவிடும். அப்படி ஒரு பழுப்பு நிறப் பெட்டி என் அலமாரியில் இன்னும் விபூதி பூசிக்கொண்டு நிற்கிறது.