காவடி முடிந்து வெந்நீர் ஊற்றுக்கா? தேதியை மாற்றுங்கள்

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவின் சான் பியேரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தைப்பூசக் காவடிக்கு அத்தை குடும்பம் சென்னையிலிருந்து வருகிறது. மறுநாளே சிலாவோஸ் மலையூருக்குப் போய், ப்ரா ரூஜ் ஓடைப் பக்கம் வெந்நீரில் குளித்துவிட்டு, தைபித் கணவாய் ஏறி அந்தப் பக்கம் மார்லா கிராமத்தில் இரவு தங்கலாமா? பாம்பு இருக்குமா?"

பாம்பை விடுங்கள், ரீயூனியன் காட்டில் விஷப்பாம்பு கிடையாது. பயப்பட வேண்டியது தண்ணீருக்குத்தான். தைப்பூசம் வருவது சரியாகப் புயல் காலத்தில், 1966 ஜனவரியில் எரிமலைப் பக்கம் ஃபோக்-ஃபோக்கில் ஒரே நாளில் 1825 மி.மீ. மழை கொட்டிய தீவு இது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே மலையில் பெய்த மழை ஓடையில் இறங்கி வந்துவிடும். தண்ணீர் திடீரென்று கலங்கி, குச்சியும் இலையும் மிதந்து வந்தால் பையைக்கூடத் தேடாமல் கரையேறிவிடுங்கள். மறுகரையில் மாட்டிக்கொண்டால், வடியும்வரை அங்கேயே இருப்பதுதான் புத்திசாலித்தனம். மே முதல் அக்டோபர் வரை வந்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. ஆனால் ஜூலையில் ஆறு மணிக்குள் இருட்டிவிடும், கணவாயில் நல்ல குளிர்.

அப்புறம், வரிசையை மாற்றுங்கள். வெந்நீரில் ஊறினால் ரத்தக்குழாய் விரிந்து அழுத்தம் இறங்கும், அதோடு சாலையிலிருந்து எண்ணூறு மீட்டர் செங்குத்தாக ஏறச் சொன்னால் அத்தைக்குத் தலை சுற்றத்தான் செய்யும், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கேட்கவே வேண்டாம். மதியத்துக்குள் மேகம் கவிந்துவிடும் என்பதால் விடிந்ததும் கணவாய் ஏறுங்கள், குளியல் திரும்பி வந்தபின். அதற்கும் ஊருக்குள் இருக்கும் குளியல் நிலையமே போதும் (திறந்திருக்கிறதா என்று போன் செய்து கேளுங்கள்). ஓடையோர ஊற்றில்தான் இறங்குவேன் என்றால் முதலில் கையால் சூடு பாருங்கள், தலையை முக்காதீர்கள், காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். எலி மூத்திரத்தால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் இங்கே உண்டு. அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால் ஓடையில் குளித்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.

மார்லா இருக்கும் மஃபாத் மலைப்பள்ளத்தாக்குக்குள் சாலையே இல்லை, அரிசி மூட்டைகூட ஹெலிகாப்டரில்தான் வருகிறது. மார்லாவில் படுக்கையை முன்பதிவு செய்து, ரொக்கமும் டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். பாதை மூடியிருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள், மூடிய பாதையில் பலகையைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்து நீங்களும் போகாதீர்கள். அவசரத்துக்கு 112. எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது, ஆகவே எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.