செடியில் தயாராகும் கிருமிக்கொல்லி: தோட்டத்தில் வளர்த்துக் கொடுக்கலாமா?

கேள்வி: ஆத்தாவுக்கு 74 வயது, சர்க்கரை உண்டு. சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவைப் போட்டு, பெரும்பாலான மருந்துகளுக்கு நேரே 'ஆர்', அதாவது கிருமி அந்த மருந்துக்கு மசியாது என்றிருக்கிறது. புகையிலை இனச் செடியில் இதற்குப் புரத மருந்து தயாரிக்கிறார்கள் என்று சிங்கப்பூரிலிருக்கும் தம்பி சொல்கிறான். அந்தச் செடியைப் பின்கட்டுத் தோட்டத்தில் வைத்து இலையை அரைத்துக் கொடுக்கலாமா? - வாசகர், கானாடுகாத்தான்

பதில்: கொடுக்கவே கூடாது. தம்பி சொன்ன ஆராய்ச்சி உண்மைதான். ஆனால் அந்த மருந்து செடியின் சொந்தச் சரக்கு இல்லை.

ஈ.கோலையில் சில வகைகள், தங்கள் இனத்தையே கொல்லும் கோலிசின் என்ற புரதத்தைச் சுரக்கும். 1925-ல் பெல்ஜியத்தின் ஆந்த்ரே கிராட்சியா கண்டறிந்தது இது. இதன் மரபணுவை அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவில் ஏற்றி, அது கலந்த நீரில் செடியைத் தலைகீழாக முக்குவார்கள். காற்றை உறிஞ்சி எடுத்து மறுபடி விட்டதும் நீர் இலைக்குள் ஏறி, இலை கரும்பச்சையாகிவிடும். சில நாளில் இலைக்குள் கோலிசின் சேர்ந்திருக்கும். அப்புறம் இலையை அரைத்து, புரதத்தைப் பிரித்துச் சுத்திகரிக்க வேண்டும். உங்கள் தோட்டத்துச் செடியில் கோலிசின் இருக்காது, நிக்கோட்டின் இருக்கும். அது நஞ்சு. கோலிசினே இருந்தாலும், சாப்பிட்டால் வயிற்றிலேயே செரித்துப்போகும். சிறுநீர்ப்பைக்குப் போய்ச் சேராது.

இந்த ஆராய்ச்சியை நான் பெரிதாக மதிக்கக் காரணம் உண்டு. ஈ.கோலை இரும்பையும் வைட்டமின் பி12-ஐயும் உள்ளே இழுக்க வைத்திருக்கும் வாசல்களில்தான் பல கோலிசின்கள் ஒட்டிக்கொண்டு நுழைகின்றன. சில கோலிசின்கள் கிருமியின் சவ்வில் ஓட்டை போடும், சில அதன் டிஎன்ஏவை வெட்டும். பென்சிலின் வகை மருந்துகளை உடைக்கும் நொதி கோலிசினிடம் பலிக்காது. குடலின் மற்ற நல்ல கிருமிகளுக்கும் பெரிதாகச் சேதமில்லை. வாசலை மாற்றிக்கொண்டு தப்பும் கிருமியும் உண்டு, அதனால் பல கோலிசின்களைக் கலந்து பயன்படுத்துகிறார்கள். செடியில் தயாரித்த கோலிசின்களை உணவின் மேல் இருக்கும் ஈ.கோலையை அழிக்கப் பயன்படுத்த, 2015-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஆட்சேபம் சொல்லவில்லை. உடம்புக்குள் செலுத்துவது வேறு கதை. அந்நியப் புரதத்தை நம் எதிர்ப்புச் சக்தி தாக்கும், அதைத் தாண்டியாக வேண்டும். இதை நம்பி ஆத்தாவின் வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ரிப்போர்ட்டில் 'எஸ்', அதாவது கிருமி மசியும் என்றிருக்கும் மருந்துகளைப் பாருங்கள். நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் இரண்டும் இத்தகைய கிருமிக்குப் பல நேரம் வேலை செய்யும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் நீங்களாக வாங்காதீர்கள். அடுத்த முறை ஆண்டிபயாடிக் தொடங்கும் முன்பே கல்ச்சருக்குக் கொடுங்கள். முதலில் வருவதை விட்டு, நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்து இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிடுங்கள். எரிச்சல், வலி, காய்ச்சல் எதுவுமில்லாமல் ரிப்போர்ட்டில் மட்டும் கிருமி தெரிந்தால் பெரும்பாலும் மருந்தே வேண்டாம். இந்த வயதில் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு தொற்று திரும்ப வருவதைக் குறைக்கும். பெண்கள் கூச்சத்தில் கேட்பதில்லை, நீங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலோ, பேச்சில் குழப்பமோ வந்தால் இரவானாலும் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.