கத்திரி வெயிலில் கடலோரச் சைக்கிள் பயணம்: பணத்தை எதில் போடலாம்?

கேள்வி: நானும் என் வீட்டுக்காரரும் மே மாத விடுமுறையில் காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை, தொண்டி, தேவிபட்டினம் வழியாக ராமேஸ்வரம் வரை சைக்கிளில் போய், இரவில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று இருக்கிறோம். 21 கியர், முன்பக்க சஸ்பென்ஷன், இரண்டு டிஸ்க் பிரேக் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். இரண்டு சைக்கிளுக்கும் சேர்த்து 40,000 ரூபாய் வரை போடலாம். வாங்கலாமா?
— வாசகி, காரைக்குடி

பதில்: அதை வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் வழியில் பாம்பன் சாலைப் பாலத்தை விட்டால் ஏற்றம் என்று சொல்லவே ஒன்றும் கிடையாது. கியர் அங்கே மேட்டுக்காகத் தேவைப்படாது, எதிர்காற்றுக்காகத்தான் தேவைப்படும். அதற்குப் பின்சக்கரத்தில் ஏழெட்டு கியர் இருந்தால் தாராளம். விலை குறைந்த சஸ்பென்ஷன் ஃபோர்க் எடையைக் கூட்டும், மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கைத் தானே விழுங்கும், உப்புக் காற்று பட்டால் சீக்கிரம் இறுகிவிடும். சஸ்பென்ஷன் இல்லாத ஹைப்ரிட் சைக்கிளே (ரோடு சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்ட வகை) போதும். சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் அந்தக் குறைப்பைக் கேளுங்கள்.

பணம் கொடுக்கும் முன் பின்சக்கரத்தைப் பாருங்கள். அச்சுக்கு மேலே ஃப்ரேமில் கேரியர் மாட்ட மரை போட்ட துளை இருக்கிறதா? டிஸ்க் பிரேக்கின் காலிப்பர் (தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருந்தால் சாதாரணக் கேரியரின் கால் அதில் இடிக்கும். அதனால் கேரியரை அங்கேயே மாட்டச் சொல்லி, பார்த்துவிட்டுப் பில் போடச் சொல்லுங்கள். 25 கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். சீட் கம்பியில் மட்டும் கவ்விப் பிடிக்கிற கேரியர் மழைக்கோட்டு வைக்கத்தான் ஆகும், கூடாரம் ஏற்றினால் பக்கவாட்டில் சுழன்றுவிடும். பின்சக்கரத்தில் 36 கம்பி இருந்தால் நல்லது, 32க்குக் குறைந்தால் வேண்டாம். சுமை ஏற்றிய சைக்கிளில் பெரும்பாலும் கியர் பக்கத்துக் கம்பிதான் முறியும். கியர் அடுக்கைக் கழற்றாமல் அதை மாற்ற முடியாது, கழற்றுகிற டூல் எல்லா ஊர்க் கடையிலும் இருக்காது. டியூப் வால்வு பைக்கில் இருப்பது போலவே இருக்கட்டும். மெல்லிய குச்சி வால்வாக இருந்தால் வழியில் பஞ்சர் கடைப் பம்பு பொருந்தாது.

வீட்டில் பழைய கறுப்பு 28 அங்குலச் சைக்கிள் சும்மா நிற்கிறதா? பேரிங்கில் கிரீஸ் வைத்து, டயர், செயின், ஃப்ரீவீல், பிரேக் கட்டை நான்கையும் மாற்றினால் அதிலேயே போய்விடலாம். உதிரி எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் சுமையோடு கம்பி பிரேக் பிடிக்கத் தூரம் எடுக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இந்த வழியின் உண்மையான எதிரி சீமைக் கருவேல முள். திருவாடானை தாண்டியதும் சாலையின் இருபுறமும் அதுதான். வெட்டிப் போட்ட கிளையிலிருந்து ஒரு முள் தார் ஓரத்துக்கு வந்தால் போதும், நேராக டியூப் வரைக்கும் இறங்கும். சஸ்பென்ஷனில் மிச்சம் பிடித்த பணத்தை இதில் போடுங்கள்: பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ளே வைத்துச் செய்த டயர், 35 முதல் 40 மி.மீ. அகலத்தில். டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைக்கத் தனியாக விற்கும் லைனர் பட்டையும் உதவும். ஆனால் அதன் வெட்டு முனை டியூபை அறுத்தே ஓட்டை போடும், முனையை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிட்டு வையுங்கள். ஆளுக்கு 2 டியூப், ஒட்டும் பொட்டலம், டயர் நெம்பி 2, ஒரு கைப்பம்பு. பஞ்சர் ஆனதும் டியூபை மாற்றி அப்படியே மாட்டிவிடாதீர்கள். முள்ளின் நுனி ரப்பருக்குள்ளேயே முறிந்து நிற்கும், வெளியே தெரியாது. டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்றுத் தடவினால் நூல் சிக்கும் இடத்தில் அது இருக்கும். நகவெட்டியால் பிடித்து இழுங்கள்.

இன்னொன்று. மே மாதத்தில் இந்தக் கரையில் தெற்கத்திக் காற்றே அதிகம், பகல் ஏற ஏறக் கடல்காற்றும் சேரும். நீங்கள் போட்ட திட்டம் காற்றை எதிர்த்துப் போகிறது. காரைக்குடி ஜங்ஷனில் பார்சல் அலுவலகத்தில் சைக்கிள்களை உங்கள் பயணச் சீட்டோடு லக்கேஜாகப் பதிந்து, ராமேஸ்வரம் வரை ரயிலில் போய், அங்கிருந்து வீட்டை நோக்கி மிதியுங்கள். பாம்பனின் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து ரயில் தீவு வரை போகிறது. ராமேஸ்வரம்–ராமநாதபுரம் ஏறக்குறைய 55 கி.மீ., அங்கிருந்து தொண்டியும் கிட்டத்தட்ட அவ்வளவே, தொண்டியிலிருந்து வீடு 50 கி.மீ. போல. கத்திரி வெயிலில் விடிகாலை ஐந்துக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும், மிச்சத்தை மாலையில் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஆன்லைனில் ‘2 பேருக்கு, தூக்கிப் போட்டால் தானே விரியும்’ என்று கூடாரம் மலிவாக வருகிறது. அது போதுமா?
— அதே வாசகி

பதில்: ஒற்றைத் துணிக் கூடாரம் அது. கடலோர இரவில் புழுக்கம் தாங்காது, மூச்சின் ஈரம் உள்பக்கம் கோத்து விடிகாலையில் மேலே சொட்டும். மடித்தாலும் பெரிய வட்டத் தட்டாக நிற்பதால் கேரியரில் கட்டவும் முடியாது. உள்ளே முழுக்கக் கொசுவலை, மேலே தனி மழைத்துணி என்று இரண்டு அடுக்கு உள்ளதை எடுங்கள். வானம் தெளிந்திருந்தால் மேல்துணி இல்லாமலே படுக்கலாம். ‘2 பேர்’ என்று போட்டிருந்தாலும் தரை அகலத்தைப் பாருங்கள். 130 செ.மீ.யில் இருவர் படுத்தால் பையை வெளியில்தான் வைக்க வேண்டும். ‘3 பேர்’ என்பதுதான் உங்கள் அளவு. கோடை மழைக்கு 2000 மி.மீ. நீர்தாங்கல் (எவ்வளவு உயர நீரின் அழுத்தம் வரை துணி கசியாது என்ற அளவு) போதும், 5000 என்று கூட்டிச் சொல்லி விலை ஏற்றுவதற்கு மயங்க வேண்டாம். கம்பி அலுமினியமாக இருக்கட்டும், ஃபைபர் கம்பி நீளவாக்கில் பிளந்து கையில் சிலாம்பு ஏற்றும்.

ஆணி அடிக்காமலே நிற்கிற வகையாகப் பாருங்கள். கடல் மணலில் கூடவே வரும் ஆணி நிற்காது. நான்கு மஞ்சப்பையில் மணல் நிரப்பிக் கயிறு கட்டி, ஒரு அடி ஆழத்தில் புதைத்தால் அசையாது. பார்சல் வந்த அன்றே மொட்டை மாடியில் விரித்து, ஜிப்பைப் பத்து முறை ஓட்டி, தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பயணத்தன்று பிரித்தால் திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருக்கும்.

தனுஷ்கோடியில் இரவு தங்க விடமாட்டார்கள், அங்கே கூடாரம் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். மற்ற இடங்களிலும் கண்ட இடத்தில் போடக் கூடாது. இது பாதுகாப்புப் படைகள் கண்காணிக்கும் கரை, இருட்டில் டார்ச் அடித்தால் விசாரணை வரும். அந்தந்தக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, தங்குவிடுதி வளாகத்திலோ, ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக் கோயில், தேவாலய வளாகத்திலோ போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கரை முழுக்கப் படகும் வலையும் பழுது பார்க்கும் வேலையும் இருக்கும். அவர்கள் வேலை செய்யும் இடத்தை அடைக்காதீர்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய கூடாரத்தின் ஜிப் முதல் நாளே பிய்ந்துவிட்டது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள்.
— வாசகர், தேவகோட்டை

பதில்: குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள், குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. ஜிப்பைப் படம் எடுத்து, எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஜிப்பை நீங்களே தையற்காரரிடம் கொடுத்துத் தைத்துவிடாதீர்கள், பிறகு குறையைக் காட்ட எதுவும் இருக்காது.

கேள்வி: அடுப்பு, குடிக்க என்ன வாங்குவது?
— வாசகி, காரைக்குடி

பதில்: அடுப்பே வேண்டாம். கேஸ் குப்பியை ரயிலில் ஏற்றுவது குற்றம், கடல்காற்றில் தீயும் நிற்காது. தேன்குழலும் சீப்புச் சீடையும் ஒரு கிலோ கட்டிக்கொள்ளுங்கள், வியர்வையில் போகிற உப்புக்கு அது நல்லது. இட்லி எல்லா ஊரிலும் கிடைக்கும். தண்ணீர் இருவருக்கும் சேர்த்து 6 லிட்டர் கொள்ளும் பாட்டில்கள் இருக்கட்டும். மருந்துக் கடையில் டெட்ரா பேக்கில் இருக்கும் இனிப்புப் பானத்தை எடுக்காமல், உலக சுகாதார நிறுவன அளவுப்படி என்று அச்சிட்ட உப்புக் கரைசல் பொடியைக் கேளுங்கள். 1 லிட்டர் பொட்டலத்தை 1 லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரைப் பாட்டிலில் கொட்டிக் குடித்தால் தாகம் கூடும், வயிறும் கெடும்.